ஒன்று குறைந்த எண்

பைத்தானில் எழுதிய சர்வர், ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய திரை. இரண்டும் தனித்தனியாகச் சோதனையில் தேறியவை. ஆனாலும் ஒரு பதிவைத் திறந்தால் பக்கத்துப் பதிவு வந்து நின்றது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. இரண்டு நாள் அலைந்த பிறகுதான் பிடிபட்டது: பைத்தான் அனுப்பிய ஐடி 9007199254740993, திரையில் இருந்தது 9007199254740992.

நடுவில் யாரும் கைவைக்கவில்லை. பைத்தானில் முழு எண் எவ்வளவு பெரிதாகவும் வளரலாம். ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண்ணோ 64 பிட் ஃப்ளோட், அதாவது தசம எண்களையும் வைக்கிற, அளவு மாறாத பெட்டி. 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். அதைத் தாண்டினால் பக்கத்தில் கிடைக்கிற எண்ணை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே தரவைச் சுமக்கும் எழுத்து வடிவமான ஜேசானையும் குறை சொல்ல முடியாது, அது எண்ணுக்கு உச்சவரம்பே வைக்கவில்லை. 2010இல் ட்விட்டர் 64 பிட் ஐடிகளுக்கு மாறியபோது, அதே ஐடியை ஸ்டிரிங்காகவும் (எழுத்துத் தொடராகவும்) சேர்த்து அனுப்பத் தொடங்கியது இதனால்தான். நாங்களும் அப்படியே மாற்றினோம். கூட்டவோ கழிக்கவோ போகாத ஒன்று எதற்காக எண்ணாகப் பயணம் செய்ய வேண்டும்?

பைத்தானிலிருந்து சி மொழி நூலகத்தை நேரடியாக அழைக்கும்போது இன்னும் கவனம் தேவை. இதற்கென்று பைத்தானில் உள்ள சிடைப்ஸில், ஃபங்ஷன் திருப்பித் தருவது என்ன வகை என்று நாம் சொல்லாவிட்டால், அது இன்ட் (வழக்கமாக 32 பிட் முழு எண்) என்றே எடுத்துக்கொள்ளும். வருவது 64 பிட் பாயின்டராக (மெமரி முகவரியாக) இருந்தால் பாதி வெட்டுப்படும். சில நேரம் தப்பித்து ஓடும், சில நேரம் புரோகிராமே விழுந்துவிடும். லாங் என்ற முழு எண் வகையை எழுதினால் 64 பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4 பைட். அப்புறம் மெமரி: எந்தப் பக்கம் ஒதுக்கியதோ, அந்தப் பக்கமே விடுவிக்கட்டும். இதில் நான் சமரசமே செய்வதில்லை.

இப்போதெல்லாம் புதிய இணைப்பு எழுதினால், வேலை தொடங்கும் முன்பே சில மதிப்புகளை அந்தப் பக்கம் அனுப்பி, திரும்பி வருவதை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மேலே சொன்ன எண், வெற்று ஸ்டிரிங், நல் (மதிப்பே இல்லை என்ற குறிப்பு), அப்புறம் ‘கொ’ என்ற எழுத்து. எழுத்தை பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8இல் அதன் நீளத்தைக் கேட்டால், பைட்டுகளை எண்ணும் சி 6 என்கிறது; ‘க’வையும் அதன் உயிர்க்குறியையும் தனித்தனிக் குறிகளாக எண்ணும் பைத்தான் 2 என்கிறது. நமக்கு அது ஓரெழுத்து. பெயருக்கு 20 பைட் போதும் என்று யாரோ சி பக்கம் முடிவு செய்திருந்தால், தமிழ்ப் பெயர் ஏழாவது குறியின் நடுவிலேயே அறுந்துவிடும்.