சுரங்க வெள்ளத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு: எங்கே ஏமாற்றுகிறார்கள்?

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில், நீர் தேங்கிய பழைய வெட்டுகளுக்கு 60 மீட்டருக்குள் முன் அனுமதியின்றி வேலை நடத்தக் கூடாது என்பது விதி. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள சாஸ்நாலாவில் 1975 டிசம்பர் 27 அன்று நீர் பாய்ந்து 375 பேர் இறந்தனர். அந்த வழக்கில் தண்டனை 2012-இல்தான் வந்தது. ஆகவே, ‘விசாரணை முடியட்டும்’ என்ற பேச்சைக் கேட்டு இழப்பீட்டு மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். எப்படியும் இரண்டு ஆண்டுகள் கடப்பதற்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும்.

இழப்பீடு கேட்க, நிர்வாகத்தின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் நேர்ந்த விபத்து என்று காட்டினால் போதும். பாதுகாப்பு உத்தரவை அவரே மீறினார் என்ற வாதம், மரணம் நேர்ந்த வழக்கில் எடுபடாது.

பெரிய அநியாயம் துக்க வீட்டில்தான் நடக்கிறது. காரியம் முடிவதற்குள் ஒரு தொகையைக் கொண்டுவந்து நீட்டி, ‘முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி உரிமை கோர மாட்டேன்’ என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். மரண இழப்பீட்டை அதற்கான ஆணையரிடமோ உரிய அதிகாரியிடமோதான் செலுத்த வேண்டும். உரிமையைத் துறந்து எழுதிக்கொடுத்த தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. இது தெரியாததால்தான், கையெழுத்துப் போட்ட பல பெண்கள் அத்தோடு எல்லாம் முடிந்தது என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கு, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்குவது. 40,000 ரூபாய் வாங்கியவருக்கும், 2020-இல் அறிவித்த உச்சவரம்பின்படி 15,000 மட்டுமே சம்பளமாகக் கொள்ளப்பட்டது. அப்படியும் 30 வயதுக்காரருக்கு 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய் வருகிறது. ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் 12 சதவீத வட்டியும் சேரும். அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது என்று சொல்லி அலைக்கழித்தால், விபத்து நடந்த தேதியைக் குறிப்பிட்டு, எந்த அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளி என்றால், ‘அவர் எங்கள் ஆள் இல்லை’ என்று நிறுவனம் கைகழுவப் பார்க்கும். முதன்மை நிறுவனத்திடமே இழப்பீடு கோரலாம். ஒப்பந்ததாரரிடம் அதை வசூலித்துக்கொள்வது அதன் வேலை. வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லை என்றால், அன்று அவருக்குத் தலைவிளக்கு கொடுத்த பதிவேட்டைக் கேளுங்கள். எந்த எண் விளக்கு யாரிடம் போனது, திரும்பி வந்ததா என்பது அதில் இருக்கும். அதன் நகல் கேட்டு முதல் வாரத்திலேயே எழுதிக்கொடுத்து, தேதியிட்ட ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.