அடமா, கொந்தளிப்பா?

விசைப்படகுகள் கரை திரும்பிய காலையில், பாம்பன் பக்கத்து அங்கன்வாடி வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள். இரவெல்லாம் கடலில் கிடந்த அப்பா அப்போதுதான் வீடு வந்திருப்பார். அவரை விட்டுவர பிள்ளைக்கு மனமிருக்காது. செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம், பிள்ளை மண்ணில். "அடம் பிடிக்கிறான் டீச்சர்" என்று அம்மா முடித்துவிடுவார்.

அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

அடம் வடசொல். 'ஹட' என்பதன் தமிழ் வடிவம். வலிந்து நிற்பது, விடாப்பிடி என்று பொருள். ஹடயோகம் அடயோகம் ஆனதும் இதே வழியில்தான். இந்தியில் குழந்தையின் பிடிவாதத்துக்கு 'பால்ஹட்' என்றே ஒரு சொல் உண்டு. 'அடங்காததால் அடம்' என்று விளக்கம் சொன்னால் காதுக்கு இனிக்கும், அவ்வளவுதான். பிடிவாதம் பாதித் தமிழ்: பிடி நம்முடையது, வாதம் வடமொழி. நல்ல தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் முரண்டு இருக்கிறது, முரண் என்பதிலிருந்து வந்தது. அதைத் தேடிப் போகவும் வேண்டாம். "முரண்டு பண்ணாதடா" என்று வீட்டில் சொல்வதுதானே.

சின்னப் பிள்ளை கட்டுமீறிக் கத்தி அழுது புரள்வதைச் சொல்லும் ஆங்கிலத்து 'டான்ட்ரம்' 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தில் தென்படுகிறது. அதன் வேர் என்ன என்று ஆங்கில அகராதிகளே கைவிரிக்கின்றன. நாம் அதற்கு நேராக 'அடம்' என்று எழுதிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான்.

அடத்திலும் முரண்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அழுகிற பிள்ளை ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும். கேட்டது கைக்கு வந்ததும் அழுகை நின்றுவிடும். டான்ட்ரம் வேறு. கேட்டதைக் கொடுத்தாலும் தூக்கி எறியும், தொட்டால் உதறும். பசி, தூக்கம், சொல்லத் தெரியாத தவிப்பு எல்லாம் சேர்ந்து பொங்கிவிட்டது. இரண்டு மூன்று வயதில் கோபத்தை அடக்கும் மூளைப் பகுதி இன்னும் முதிரவில்லை. அது பிள்ளையின் பிடியில் இல்லாத ஒன்று. 'பிடிக்கிறான்' என்று எப்படிச் சொல்வது?

இதற்குச் சொல் நம் கரையிலேயே கிடக்கிறது: கொந்தளிப்பு. பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்று பிரித்துப் பேசுகிற ஊர் இது. கடல் கொந்தளித்தால் அடம் பிடிக்கிறது என்று இங்கே யாரும் சொல்வதில்லை. அகராதிக்கு 'சினக் கொந்தளிப்பு' என்று எழுதிக்கொள்ளலாம். வகுப்புக்கு வெறும் கொந்தளிப்பு போதும்.

பெயரை மாற்றினால் டீச்சர் செய்வதும் மாறும். அடம் என்றால் விட்டுக்கொடுக்காமல் நிற்க வேண்டும். அழுகை கூடக்கூட மிட்டாய் நீட்டினால் நாளைக்கும் அழுகை வரும். கொந்தளிப்பு என்றால் புத்திமதி ஏறாது. இடிபடும் சாமானை நகர்த்திவிட்டு, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, பேச்சைக் குறைத்து, பக்கத்தில் இருந்தால் போதும். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அப்புறம் தண்ணீர் கொடுத்துவிட்டு, "அப்பாவை விட்டு வந்தது கோவமா இருக்கா?" என்று கேட்கலாம். கோவம் என்ற சொல்லே அப்படித்தான் பிள்ளைக்குப் பழகும். பூச்சாண்டி, போலீஸ் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் குறிப்பு நோட்டில் முன்பு 'அடம்' என்று மட்டும் எழுதுவார். இப்போது எழுதுவது: 'காலை 9.40. கொந்தளிப்பு. சாப்பிடாமல் வந்திருக்கிறான்.'