கோடு எந்தப் பக்கம் வளைகிறது?

நீரிலும் மண்ணிலும் கலந்துள்ள கரிம மாசுகளை ஜிசி-எம்எஸ் கருவியால் (கலவையை ஆவியாக்கிச் சேர்மங்களைப் பிரித்து, அவற்றை அயனிகளாக்கி அளக்கும் கருவி) அளப்பவர்களுக்குப் பென்டாகுளோரோபீனாலும் 2,4-டைநைட்ரோபீனாலும் ஓயாத தலைவலி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 8270 முறைப்படி பல சேர்மங்களை ஒரே ஓட்டத்தில் அளக்கும்போது, நாப்தலீன் போன்றவை நேர்கோட்டில் அமைய, இவ்விரண்டின் அளவுத்திருத்தக் கோடு (செறிவுக்கேற்பக் கருவி காட்டும் அளவை வரைந்த கோடு) வளைந்து நிற்பது வழக்கம். உடனே இருபடிச் சமன்பாட்டைப் பொருத்தி வேலையை முடித்துவிடத் தோன்றும். ஆனால் வளைவு எந்த முனையில், எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் அப்படிச் செய்வது கோளாறை மூடி மறைப்பதாகவே முடியும்.

திசையை அறிய எளிய வழி, ஒவ்வொரு தரக்கரைசலுக்கும் (செறிவு முன்பே தெரிந்த கரைசல்) கருவி வரையும் பீக்கின், அதாவது கூர்முகட்டின், பரப்பைச் செறிவால் வகுத்து, அந்த விகிதத்தைச் செறிவுக்கு எதிராக வரைந்து பார்ப்பது. கருவி ஒழுங்காக இருந்தால் புள்ளிகள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் கிடக்கும்.

குறைந்த செறிவில் மட்டும் விகிதம் சரிந்தால், சேர்மம் வழியிலேயே தொலைகிறது என்று பொருள். 250 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கப்பட்ட இன்ஜெக்டரில் (மாதிரியைச் செலுத்தும் பகுதி) உள்ள கண்ணாடி உட்குழலான லைனரிலும் அதிலுள்ள கண்ணாடிப் பஞ்சிலும் பூச்சு தேய்ந்த இடங்களில் சிலனால் தொகுதிகள் (கண்ணாடிப் பரப்பிலுள்ள, சேர்மங்களைப் பற்றிக்கொள்ளும் சிலிக்கன்-ஹைட்ராக்சில் இடங்கள்) வெளிப்பட்டிருக்கும். முந்தைய மாதிரிகளின் கரிந்த எச்சமும் அங்கே படிந்திருக்கும். அமிலத்தன்மையுள்ள பீனால்களை இவை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கரண்டியில் ஒட்டும் நெய், குடம் நிறைய மாற்றும்போது கணக்கில் வராது, ஒரு சொட்டை மாற்றும்போதோ பாதி அதிலேயே போய்விடும். இங்கும் நடப்பது அதுதான். இதற்காகவே 8270 முறை, கருவியைச் சரிபார்க்கும் கரைசலில் பென்டாகுளோரோபீனால், பென்சிடீன், பூச்சிக்கொல்லியான டிடிடி (DDT) ஆகியவற்றையும் சேர்க்கச் சொல்கிறது: முதலிரண்டின் பீக்குகள் அளவுக்கு மீறி வால் நீளக் கூடாது (பின்பக்கம் இழுபடக் கூடாது), டிடிடி சிதைந்து டிடிஇ (DDE), டிடிடீ (DDD) எனப்படும் சேர்மங்களாக மாறுவது 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புதிய லைனரை மாட்டி, சேர்மங்களைப் பிரிக்கும் குழாயின் முன்முனையைச் சற்று வெட்டிவிட வேண்டும்.

குறைந்த செறிவில் விகிதம் உயர்ந்தால், சேர்மம் எதுவும் சேர்க்காத வெற்றுக் கரைசலிலேயே அந்தச் சேர்மம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கிலிருந்து வரும் தாலேட்டுகள் இதற்குப் பேர்போனவை.

உயர் முனையில் விகிதம் சரிவது பெரும்பாலும் டிடெக்டரின் (அயனிகளை எண்ணும் பகுதி) தெவிட்டல், அதாவது அது மேலும் ஏற்க முடியாத எல்லையைத் தொடுவது. அங்கே நிறமாலையே (சேர்மத்தின் அயனிகளையும் அவற்றின் வலுவையும் காட்டும் வரைபடம்) சாட்சி சொல்லும்: மிக வலுவான அயனி மட்டும் தட்டையாகிவிட, வலுக்குறைந்த அயனிகள் அதனோடு ஒப்பிடும்போது வழக்கத்தைவிட உயர்ந்து தெரியும். வலுக்குறைந்த வேறோர் அயனியைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்பிளிட் விகிதத்தைக் கூட்டி, குழாய்க்குள் போகும் மாதிரியின் பங்கைக் குறைக்கலாம். டிடெக்டரில் சமிக்ஞையைப் பெருக்கும் பெருக்கியின் மின்னழுத்தத்தைக் குறைக்கலாம். மிகச் சிறிய அளவையும் பிடிக்கும் ஆசையில் மின்னழுத்தத்தை ஏற்றிவைப்பவர்கள்தான் பெரும்பாலும் மேல்முனையை இழக்கிறார்கள்.

ஒரு கரைசலில் மட்டும் எல்லாச் சேர்மங்களும் ஒரே விகிதத்தில் விலகியிருந்தால், குற்றம் பெரும்பாலும் கருவியுடையதன்று, கரைசலை நீர்த்துத் தயாரித்தவருடையது.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகே கணக்குக்கு வர வேண்டும். நிறையிடாத (எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே முக்கியத்துவம் தரும்) நேர்கோட்டுப் பொருத்தத்தில் உயர் செறிவுப் புள்ளிகளே கோட்டை இழுத்துச் செல்வதால், ஆர்-வர்க்கம் (பொருத்தம் எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.999 என்று காட்டும்போதே மிகக் குறைந்த தரக்கரைசலின் மதிப்பு உண்மைக்கு வெகுதூரம் விலகியிருக்கலாம். எனவே குறைந்த செறிவுப் புள்ளிகளுக்குக் கூடுதல் முக்கியத்துவம் தரும் 1/எக்ஸ் (எக்ஸ் என்பது செறிவு) போன்ற நிறையிட்டு, ஒவ்வொரு கரைசலின் செறிவையும் கோட்டிலிருந்து திருப்பிக் கணக்கிட்டுப் பார்ப்பதே நம்பத்தக்கது.

இருபடிச் சமன்பாடு தவறென்று சொல்வதற்கில்லை. தெவிட்டலால் வரும் வளைவு, கருவியின் அமைப்பை மாற்றாதவரை பெரிதும் அப்படியே இருக்கும் என்பதால், குறைந்தது ஆறு கரைசல்களைக் கொண்டு அதைப் பொருத்தலாம். உறிஞ்சலால் வரும் வளைவோ அழுக்கான ஒவ்வொரு மாதிரிக்குப் பின்பும் மாறிக்கொண்டே இருப்பதால், காலையில் அழகாகப் பொருந்திய சமன்பாடு, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டும் சரிபார்ப்புக் கரைசலிலேயே பொய்த்துவிடும்.