நனைந்தால் பச்சை, காய்ந்தால் வெள்ளி

"ஆர்க்கிட் வேர்கள் தொட்டியை விட்டு வெளியே ஓடுகின்றன, மண் போட்டு மூடலாமா?" என்று புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கூடவே கூடாது.

நாம் வீட்டில் வளர்க்கும் வெப்பமண்டல ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மரத்தின் மேல் வாழ்பவை. நம் பகுதிக் கோயில் காடுகளில் வளரும் வாண்டா டெசலேட்டாவும் அப்படித்தான். அதைப் புல்லுருவி என்று வெட்டி எறிபவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. புல்லுருவி மரத்துக்குள் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் பட்டையைப் பிடித்துக்கொள்வதோடு சரி, உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும்.

மண்ணே இல்லாத இடத்தில் தண்ணீருக்கு என்ன செய்யும்? எனக்கு அலுக்காத அதிசயம் இங்கேதான் இருக்கிறது. வேரைச் சுற்றி வெலமென் என்றொரு உறை உண்டு. அதன் செல்கள் முதிர்ந்ததும் இறந்துவிடுகின்றன. இறந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. வெறும் சுவர்களாக நிற்கும் அவற்றுக்குள் காற்று நிறைந்திருக்கும்போது ஒளி சிதறி, வேர் வெள்ளியாகத் தெரிகிறது. மழை பட்டதும் நுண்புழை விசையால், அதாவது நுண்ணிய இடுக்குகள் நீரைத் தானாக இழுத்துக்கொள்ளும் விசையால், சில நொடிகளிலேயே நீர் உள்ளே ஏறுகிறது. உறை கண்ணாடியாகி, அடியிலுள்ள பச்சையம் தெரிகிறது. பிறகு அந்த நீர் உயிருள்ள செல்கள் வழியாக நிதானமாக உள்ளே போகிறது.

இன்னொன்றும் உண்டு. மரத்தில் வழியும் முதல் மழைநீரில்தான் தூசியும் பறவை எச்சமும் கரைந்து சத்து அதிகம் இருக்கும். அந்தச் சத்துகள் நீரில் அயனிகளாக, அதாவது மின்னூட்டமுள்ள நுண்துகள்களாக, இருக்கும். அவற்றை வெலமென் பிடித்து வைத்துக்கொள்கிறது. பின்னால் பெய்யும் மழை அவற்றை எளிதில் அடித்துச் செல்வதில்லை. ஸோட்ஸ், விங்க்ளர் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2013-இல் இதைச் சோதனையில் காட்டினார்கள். நம் கோயில் காட்டு வாண்டாவிலும் இப்படிப்பட்ட ஆய்வுகள் நடக்க வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்குவது வீண்செலவே அல்ல.

மண்ணில் புதைத்தால் அந்த உறை எப்போதும் நீர் நிரம்பியே கிடக்கும். உள்ளிருக்கும் உயிர்ச்செல்களுக்குக் காற்று போகாமல் வேர் அழுகும். எனவே கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, நார் போதும். வேர் வெளுத்ததும் காலையில் நன்றாக நனையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். கடலோர ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அந்த உப்பும் வேரிலேயே தங்கும். மாடியில் பிடித்து வைத்த மழைநீரை ஊற்றுங்கள்.