குறிச்சொல்: ‘டேக்’குக்கு நம் பெயர்

தோட்டத்தில் தேயிலை நிலத்தை ‘மலை’ என்போம். தொரையின் (தோட்ட நிர்வாகியின்) வரைபடத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பிரட்டுக்குக் கிளம்பும் அம்மாவிடம் “இன்னைக்கு எந்த மலை?” என்று கேட்டால் எண் வராது. “கோயில் மலை” என்பார். பக்கத்து லயத்து (வரிசைக் குடியிருப்பு) அக்கா அதையே “பீலி மலை” என்பார், அங்கே பீலி எனும் நீர்க்குழாயில் தண்ணீர் விழுவதால். புழங்குகிற சனங்கள் வைத்த பெயர்கள். இணையத்தில் ‘டேக்’ என்பதும் அப்படி வைக்கும் பெயர்தான்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் துணியின் ஓரத்தில் தொங்கும் கிழிசலைக் குறித்தது. பிறகு பொருளில் கட்டும் அடையாளத் துண்டுக்கு ஆகிவந்தது. 2003இல் வந்த டெலிசியஸ் தளத்தில் ஆட்கள் தாங்கள் சேமித்த பக்கங்களுக்கு இஷ்டப்படி டேக் போட்டார்கள். இப்படிப் பலர் சேர்ந்து உண்டாக்கும் பகுப்புக்கு 2004இல் தாமஸ் வாண்டர் வால் ‘ஃபோக்சானமி’ என்று பெயரிட்டார். மக்கள் வகைப்பாடு என்றால் சரியாக இருக்கும்.

டேக்குக்குச் ‘சிட்டை’ என்று சொல்லலாமே என்று யோசித்தேன். ஆனால் நமக்குச் சிட்டை என்றதும் சம்பளச் சிட்டைதான் ஞாபகம் வரும். ‘குறிச்சொல்’ நல்ல சொல். குறியாகவும் சொல்லாகவும் இருக்கிறது, ஏற்கெனவே புழக்கத்திலும் உள்ளது.

இணையம் வழியே ஒரு கணினி நிரல் இன்னொன்றுக்குச் செய்துதரும் வேலையை வலைச்சேவை என்பார்கள். அவற்றுக்குத்தான் குறிச்சொல் பெரிய உதவி. ஒரு சேவை ஊர்ப்பெயரைக் கொடுத்தால் அகலாங்கு, நெட்டாங்கு, அதாவது பூமியில் அந்த ஊர் இருக்கும் இடத்தைக் காட்டும் எண்களைத் தரும். இன்னொன்று அவற்றை வாங்கி மழை நிலவரம் சொல்லும். இரண்டையும் செய்தவர்கள் எழுதிய விவரம் கணினிக்குப் புரியும், நமக்குத் தலை சுற்றும். பயன்படுத்தியவர்கள் இரண்டிலும் ‘அமைவிடம்’ என்று குறிச்சொல் போட்டிருந்தால், முதலாவது தருவதை இரண்டாவது வாங்கிக்கொள்ளும் என்று பார்த்ததும் பிடிபடும். அப்புறம் ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்தால் மழை வருமா என்று தெரிந்துவிடும். இப்படி ஒட்டிச் செய்வது ‘மேஷ்அப்’. கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளத்தின் வீட்டு விளம்பரங்களைக் கூகுள் வரைபடத்தில் பொருத்தி 2005இல் பால் ரேட்மேக்கர் செய்த ஹவுசிங்மேப்ஸ் அதற்குப் பேர்போன உதாரணம். தமிழில் ‘சேவைக் கலவை’ எனலாம்.

சிக்கல் எழுத்தில் இருக்கிறது. இலங்கை மலையகத்து ஊர் ஒன்றை ஹட்டன், ஹற்றன், அட்டன் என்று மூன்று விதமாகவும் எழுதுகிறோம். கணினிக்கு அவை மூன்று ஊர். ஒரு வடிவத்தை மட்டும் வைத்து மற்றதைத் தள்ளுவதில் எனக்குச் சம்மதமில்லை. மூன்றும் ஒரே ஊர் என்று கணினிக்குச் சொல்லிவைத்தால் போதும். என் அப்பாயி வாயில் வருவது ‘அட்டன்’தான், அதைத் தேடினாலும் ஊர் கிடைக்க வேண்டும்.