பிஎம் கிசான் பணம் நின்றுபோனால், ஆபீசுக்குக் கிளம்பும் முன்

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு 2,000 ரூபாய் தவணை வரவில்லை. தாலுகா ஆபீசில் கேட்டார்; வேளாண்மை அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே பேங்கைக் கை காட்டினார்கள். பேங்கில் "ஆதார் இணைச்சாச்சும்மா, எல்லாம் சரியா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள் கூலி போனதுதான் மிச்சம்.

பிஎம் கிசான் 2019இல் வந்த மத்திய அரசுத் திட்டம். வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும். திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். நின்றுபோன பணத்தை எங்கே போய்க் கேட்பது என்பதுதான் யாரும் சொல்லித் தராத விஷயம்.

முதலில் பிஎம் கிசான் இணையதளத்தில் உங்கள் பதிவு எண்ணைப் போட்டு நிலவரத்தைப் பாருங்கள். நிலப் பதிவு, இ-கேஒய்சி (பதிந்தவர் நீங்கள்தான் என்று ஆதார் மூலம் உறுதிசெய்வது), வங்கியில் ஆதார் இணைப்பு என்ற மூன்றுக்கும் எதிரே ஆம் அல்லது இல்லை என்று இருக்கும். எதற்கு நேராக 'இல்லை' என்று இருக்கிறதோ, அதற்குரிய இடத்துக்கு மட்டும் போங்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாளைக் காட்டிக் கேட்பவரைத் தட்டிக்கழிப்பது அவ்வளவு சுலபமில்லை.

அதிகம் பேர் மாட்டுவது பேங்கில். கணக்கில் ஆதார் எண் ஏறியிருப்பது வேறு, அரசு மானியம் வந்து விழும் கணக்காக அது பதிவாகியிருப்பது வேறு. கடைசியாக எந்தக் கணக்கை அப்படிப் பதிந்தீர்களோ, பணம் அங்கேதான் போகும். அந்த அக்கா மகளிர் உரிமைத் தொகைக்காக வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கியிருந்தார். பணம் முழுவதும் அங்கே இருந்தது! உங்கள் ஆதார் எந்த வங்கியோடு சேர்ந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

இ-கேஒய்சிக்கு விரல் ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். செயலியை பிளே ஸ்டோரில் மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் அதே பெயரில் வரும் கோப்பைத் தொட்டால் கணக்கில் இருப்பதும் போய்விடும்.

நிலம்தான் பெரிய தலைவலி. பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் பணம் கிடையாது. முதலில் வாரிசுச் சான்றிதழ், அப்புறம் பட்டா மாறுதல், அதன் பிறகுதான் விண்ணப்பம். வரிசை மாற்றிப் போனால் அலைச்சல்தான். 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்குக் கிடைக்காது, வாரிசாக வந்ததற்குக் கிடைக்கும். குத்தகைக்கு உழுபவருக்கு, இருபது வருடம் உழுதிருந்தாலும், ஒன்றும் இல்லை. வெயிலில் நிற்பவரை விட்டுவிட்டுப் பட்டாவை மட்டும் பார்க்கும் விதி இது. எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை.

கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். கணவன் வருமான வரி கட்டினால் மனைவிக்கும் கிடைக்காது. ஆனால் வளர்ந்த மகன் வரி கட்டுகிறான் என்று அப்பாவின் பணத்தை நிறுத்த முடியாது. அப்படிச் சொன்னால் விதியைக் காட்டச் சொல்லுங்கள். கணவன், மனைவி இரண்டு பேரும் தனித்தனியாக வாங்கியிருந்தால் ஒருவர் வாங்கியதைத் திருப்பிக் கேட்பார்கள்.

தரகரிடம் ஆதாரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 2020இல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத பல லட்சம் பேரை அப்படித்தான் பதிந்தார்கள். கமிஷன் தரகருக்குப் போனது, பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்ததோ பெயர் கொடுத்தவர்களுக்கு. இப்போது கேட்கும் விவசாயிகள் தனித்துவ அடையாள எண்ணை வாங்கவும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நிலப் பதிவில் 'இல்லை' என்று வந்தால் உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஒரு மாதத்தில் அசைவில்லை என்றால் அந்த நகலோடு கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் இருப்பார்கள்.