பின்னூட்டலைக் ‘கருத்து’ ஆக்காதீர்கள்

“ஈஸ்திரசன் மூளைக்கு எதிர்மறைக் கருத்தை வழங்குகிறது.” மாதவிடாய் வட்டத்தை விளக்கக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மருத்துவ நிலையம் வைத்திருந்த துண்டுப்பிரசுரத்தில் இருந்த வரி இது. ‘feedback’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு யூடியூப் காணொளிகளின் வசனவரிகளிலும் இதே ‘கருத்து’தான். கருத்துச் சொல்ல மனம் வேண்டும். சூலகம் ஈஸ்திரசன் என்ற ஓமோனாக அனுப்புவது இரசாயனச் செய்தி.

ஆங்கில மூலச்சொல் மின்னியலில் பிறந்தது; வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பி ஊட்டுவது என்று பொருள். 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் நோர்பேர்ட் வீனரின் சைபர்நெட்டிக்ஸ் நூல் அதை உயிரியல் பக்கமும் பரப்பியது. பின் + ஊட்டல், பின்னூட்டல். அவ்வளவுதான்.

சிலர் ‘பின்னூட்டம்’ என்கிறார்கள். வலைப்பதிவுக் காலத்திலிருந்து அது வாசகர் எழுதும் குறிப்புக்குப் போய்விட்டது; போதாததற்கு, ஊட்டம் என்றாலே சத்து என்றுதான் காதில் விழும். ‘ஊட்டல்’ செயலைச் சொல்கிறது.

‘எதிர்வினை’ இன்னும் மோசம். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி அனுப்பும் ஓமோனால் சூலகத்தில் புடைப்பு, அதாவது முட்டையைக் கொண்ட சிறு பை, வளர்கிறது; வளரும் புடைப்பு ஈஸ்திரசனைச் சுரக்கிறது; அந்த ஈஸ்திரசன் குருதிவழியே திரும்பிப் போய், தன்னைச் சுரக்க வைத்த கபச்சுரப்பியையே மட்டுப்படுத்துகிறது. இந்தத் திரும்பிப் போதல்தான் விஷயமே. எதிர்வினை என்ற சொல்லில் அது எங்கே இருக்கிறது?

சரி, ‘எதிர்மறை’க்கு வருவோம். பரீட்சைத் தாளில் இருக்கட்டும். பொதுமக்களுக்கு எழுதும்போது வேண்டாம். எதிர்மறை என்றால் கெடுதல் என்றே நம் சனம் எடுத்துக்கொள்ளும். ‘தணிக்கும் பின்னூட்டல்’, ‘பெருக்கும் பின்னூட்டல்’ என்று எழுதினால் வேலை விளங்கும். ஈஸ்திரசன் உயர்ந்த அளவில் ஏறத்தாழ இரண்டு நாள் நிலைத்தால் தணிப்பதை விட்டுப் பெருக்கத் தொடங்குகிறது. உடனே கபச்சுரப்பியின் லூட்டினாக்கும் ஓமோன் பொங்கி எழும். அது தொடங்கி ஏறக்குறைய 36 மணித்தியாலத்தில் முட்டை வெளியேறும். அப்புறம் சூலகத்தின் இன்னொரு ஓமோனான புரொஜெஸ்தரோன் ஏறி, மறுபடி தணிப்பு. ஒரே ஓமோன் இரண்டு வேலையும் செய்வதை நேர்மறை, எதிர்மறை என்ற சொற்கள் காட்டுவதில்லை.

இருவகை ஓமோன் சேர்ந்த கூட்டுக் கருத்தடை மாத்திரையும் இந்தத் தணிப்பைக் கொண்டுதான் முட்டை வெளியேறாமல் தடுக்கிறது. அதே பிரசுரம் அதை ‘எதிர்மறை விளைவு’ என்கிறது. வாசிக்கிற பெண் அதைப் பக்கவிளைவு என்று நினைத்து மாத்திரையை நிறுத்தினால் பிழை அவளுடையதா? அச்சுக்குக் கொடுக்கமுன் மொழிபெயர்ப்பாளர் அந்த நிலையத்துத் தாதி ஒருவரிடம் அதை வாசித்துக் காட்டியிருக்கலாம்.